வெளிர்மஞ்சள் பக்கத்து நாற்காலிகள்

அன்று சிறு வணிகர் இட ஒதுக்கீட்டு வாரியத்தின் மந்தைவெளிக் கிளை அலுவலகத்தில் இருந்தவர்கள்: கிளை அலுவலர் கபாலீஸ்வரன், கண்காணிப்பாளர் ஐவி, எழுத்தர் கிளிஃபர்ட், பெயின்டர் மண்ணாங்கட்டி, மனு கொண்டுவந்த எட்டுப் பேர். ஆகப் பன்னிரண்டு பேர். மின்விசிறிகள் மூன்று இருந்தன. ஓடியது ஒன்று. அது அலுவலரின் தலைக்கு மேலே இருந்தது.

எட்டு மனுதாரர்களில் ஏழு பேர் வராந்தாவில் சுவரோரமாக நின்றார்கள். எட்டாவது ஆளான ஜெசிந்தா மீன் கூடையோடு வந்திருந்ததால் சற்றுத் தள்ளி நிற்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டாள். கூடை காலிதான். காலிக் கூடைக்கும் அலுவலகத்தில் ஒரு மரியாதை உண்டு என்று நினைத்துத் தள்ளி நின்றாள்.

அவளுக்கு ஆக வேண்டிய காரியம் சின்னது. சாந்தோம் மீன் அங்காடியில் ஏழாம் நம்பர் இடம் அவள் தாய் அந்தோணியம்மாள் பெயரில் இருந்தது. தண்ணீர்க் குழாயை ஒட்டிய இடம். குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு மீன் கடைசிவரை மீனாக இருக்கும், மற்றவர்களுக்கு மதியத்துக்கு மேல் கருவாடாக ஆரம்பிக்கும். அந்தோணியம்மாள் தவக்காலத்தில் கண் மூடினாள். அவள் பெயரில் இருந்ததை மகள் பெயருக்கு மாற்ற வேண்டும். அங்காடிக்குப் புதுக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது திறக்கும் நாளுக்குள் பெயர் மாறாவிட்டால், ‘அந்த இடத்தின் அனுபோகத்தில் யார் காணப்படுகிறாரோ அவருக்கே’ இடம் என்று வாரியம் சொல்லிவிட்டது. அனுபோகம் என்றால் உட்கார்ந்து வியாபாரம் செய்வது. ஜெசிந்தாவே உட்கார்ந்து வியாபாரம் செய்ததால் அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை.

மனு கேட்பதற்கென்று அலுவலகத்தில் ஒரு தனி அறை இருக்கிறது. அந்த அறை அன்று பூட்டியிருந்தது. காரணம், தலைமையகத்திலிருந்து வந்த ஒரு சுற்றறிக்கை.

“மனு கேட்கும் அறைகள் யாவும் மனுதாரர் மனம் சாந்தியடையும் வகையில் இளமஞ்சள் நிறத்தில் இருத்தல் வேண்டும். மனுதாரர் மேற்படி அறையில் இருக்கையில் அமர்த்தப்பட்டு, சாந்தியடைந்த பின்னரே அவரது மனு கேட்கப்படுதல் வேண்டும்.”

அந்தோணியம்மாள் சாந்தியடைந்துவிட்டாள். மனுதான் இன்னும் கேட்கப்படவில்லை.

சுற்றறிக்கையோடு நின்றிருந்தால் ஒரு வாரத்தில் வண்ணம் அடித்து முடிந்திருக்கும். அதற்கு ஓர் இணைப்பும் இருந்தது. இணைப்பில், “மேற்சொன்னவாறு வெளிர்மஞ்சள் நிறம் பூசப்பட்ட அறைகளின் விவரம் அனுப்புக” என்று எழுதியிருந்தது. முன்பக்கம் இளமஞ்சள், பின்பக்கம் வெளிர்மஞ்சள். கபாலீஸ்வரன் மயிலாப்பூர்க்காரர், எதையும் இரண்டு முறை படிப்பவர். இரண்டாம் முறை படித்தபோது இது அவர் கண்ணில் பட்டுவிட்டது. தெளிவுரை கேட்டுத் தலைமையகத்துக்கு எழுதினார். “சுற்றறிக்கையில் கண்டவாறு செய்க” என்று தெளிவாகப் பதில் வந்தது.

ஆகவே நிற ஒப்பீட்டுக் குழு அமைக்கப்பட்டது. அலுவலர் தலைவர், ஐவி உறுப்பினர், கிளிஃபர்ட் குறிப்பெடுப்பவர். விதிப்படி பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் வேண்டும். ஐவி வராந்தாவுக்கு வந்து, “யாராவது ஒருத்தர் உள்ள வாங்க” என்றார். மனு கேட்கக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து ஜெசிந்தா கூடையை வைத்துவிட்டு ஓடினாள். தள்ளி நின்ற இடம் கதவுக்குப் பக்கம் என்பதால் மற்ற ஏழு பேரையும் அவளால் முந்த முடிந்தது.

குழுவுக்காக மட்டும் திறக்கப்பட்ட அந்த அறைக்குள் சுவரில் இரண்டு சதுரங்கள் பூசியிருந்தன. கையில் பிரஷ்ஷோடு மண்ணாங்கட்டி நின்றிருந்தார்.

“இதுல எதும்மா நல்லா இருக்கு?” என்றார் அலுவலர்.

“ரெண்டும் நல்லாத்தான் கீது சார். என் மனுவ கொஞ்சம்…”

“ரெண்டும் நல்லாருக்குன்னு சொல்றதுக்கு ஒரு நடுநிலை வேணும். எழுதிக்குங்க கிளிஃபர்ட். பிரதிநிதி இவங்கதான்.”

அலுவலரின் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போடப்பட்டது. டீ வந்தது. மின்விசிறியின் காற்று முதல்முறையாக ஜெசிந்தாவின் மேல் பட்டது. டீயைக் குடித்து முடித்ததும் மனுவை நீட்டினாள். அலுவலர் அதைக் கையால் தொடாமல் வருத்தத்தோடு பார்த்தார்.

“இதை எப்படி நான் வாங்க முடியும்? நீங்க இப்ப குழு உறுப்பினர். அலுவலகத்துல ஒரு அங்கம். அலுவலகமே அலுவலகத்துக்கு மனு குடுக்கலாமா?”

“அப்ப நான் கமிட்டில இல்ல சார். வுட்டுருங்க.”

“விலகலாம். விலகல் கடிதத்தைக் குழு கூடி ஏத்துக்கணும். பிரதிநிதி இல்லாம குழு கூட முடியாது. நீங்க விலகிட்டா உங்க விலகலை ஏத்துக்க ஆள் இருக்காது.”

“அறை தொறந்தா குழு தானா கலைஞ்சிரும்மா. அப்ப உங்க மனுவையும் கேட்டுடலாம்” என்று ஐவி ஆறுதல் சொன்னார். “சீக்கிரமே தொறந்துரும் மேடம்.”

ஜெசிந்தாவை மேடம் என்று அதற்குமுன் அழைத்தவர்கள், நெத்திலி விலையைக் குறைக்கச் சொன்னவர்கள் மட்டுமே. குழு உறுப்பினரை ‘அவள்’ என்று எழுதுவது விதிக்குப் புறம்பானது. ஆகவே இனி ஜெசிந்தா அம்மையார்.

ஜெசிந்தா அம்மையார் அன்று மாலை அங்காடிக்குத் திரும்பியபோது செய்தி முன்னாலேயே போய்விட்டிருந்தது.

“இன்னா கமிட்டியக்கா, சுவத்துக்கு சாயம் பாத்தாச்சா?” என்று எதிர்க் கடையிலிருந்து முனியம்மாள் கேட்டாள்.

“சிரிக்காத. அவங்களுக்கே புரியாம என்னைக் கூப்ட்டு கேக்கறாங்க.”

“இன்னா கேட்டாங்க?”

“அதெல்லாம் வெளில சொல்லக் கூடாது.”

குழு செவ்வாய்தோறும் கூடியது. செவ்வாய்க்கிழமைகளில் ஏழாம் நம்பர் இடத்தில் அம்மையாரின் அண்ணன் மகள் ஜான்சி உட்கார்ந்தாள். சிரித்த முகமுள்ள பெண், மீனை நன்றாக வெட்டுவாள். பிறகு சுவரை வெயில் வேளையிலும் பார்க்க வேண்டும் என்று குழு வியாழனும் கூடியது. மழை மூட்டத்தில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக, மூட்டம் போடும் நாளில் எல்லாம் கூடியது. ஜான்சி அந்த நாட்களிலும் உட்கார்ந்தாள்.

நடுவில் அடையாறிலிருந்து நிற ஆலோசகர் ரெனிட்டா வரவழைக்கப்பட்டார். பெரிய வீடுகளுக்குச் சுவர் நிறம் சொல்பவர், அதைப் படமெடுத்துப் போனில் போடுபவர், பல்லாயிரம் பேர் பார்க்கிறார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவருக்கு எதிரில் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“கலரை நாம செலக்ட் பண்ணக் கூடாது சார். அதோட கொஞ்ச நாள் வாழணும். ஒருநாள் அதுவே உங்ககிட்ட பேசும்.”

“எந்த மொழியில?” என்றார் கபாலீஸ்வரன்.

“சார்?”

“அரசு அலுவலகச் சுவர். தமிழ்லதான் பேசணும்.”

அதன்படி எழுத்தர் கிளிஃபர்ட் தன் மேசையை அறைக்குள் போட்டுக்கொண்டு இரண்டு சதுரங்களோடும் வாழ்ந்தார். குறிப்பேட்டில் நாள்தோறும், “சுவர் இன்று பேசவில்லை” என்று எழுதி அலுவலரின் கையொப்பம் பெற்றார். வெளியே மனுதாரர்கள் ஏழு பேரும் வந்து வந்து போனார்கள். அவர்கள் பேசினார்கள். அதைக் குறித்துக்கொள்ள யாருக்கும் உத்தரவு இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் பவுல்சாமி அவர்களில் ஒருவர். பள்ளி வாசலில் பேனா, பென்சில் விற்கிற மூன்றடி இடத்துக்காக நடந்துகொண்டிருந்தார். “ஏம்மா ஜெசிந்தா, நீயாவது உள்ளே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கேட்டார்.

“நான் ஒரு பக்கமா பேசக் கூடாது வாத்தியாரே” என்றார் அம்மையார்.

இந்த நிலையில்தான் ஓட்டெடுப்பு வந்தது. கிளிஃபர்ட் எழுந்து நின்று இரண்டு பெயர்களையும் உரக்கப் படித்தார். இதுவரை ‘இந்தச் சதுரம்’, ‘அந்தச் சதுரம்’ என்றே பேசிவந்ததால், பெயர்கள் அம்மையாரின் காதில் முழுசாக விழுந்தது அப்போதுதான்.

“வெளிர்னா இன்னா சார் அது?”

“வெளிறியிருக்கறது. கொஞ்சம் சாயம் போன மாதிரி” என்றார் கிளிஃபர்ட்.

அம்மையார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சார், செவுள் செவப்பா இருந்தா இன்னிக்கி மீனு. வெளிறிப்போயிருந்தா நேத்து மீனு. வெளிறினதை நான் தட்டுல வெச்சதே இல்ல, எங்கம்மாவும் வெச்சதில்ல. ஜனங்க வந்து போற எடத்துல நேத்து மஞ்சளப் பூசுவீங்களா?”

‘நேற்றைய மஞ்சள்’ என்று கிளிஃபர்ட் எழுதி அடிக்கோடிட்டார். கண்டுபிடிப்பு பெரியது என்பதை அலுவலரும் உணர்ந்தார். ஆனால் அவருக்கு வேறொரு கவலை இருந்தது.

“அம்மா சொல்றது நியாயம். ஆனா ‘இள’ங்கற சொல்லையும் பார்க்கணும். இளநீர் முத்தினா தேங்காய். இளம் வழுக்கை முத்தினா…” என்று தன் தலையைத் தொட்டுப்பார்த்துக்கொண்டார். “இளமஞ்சள் நாளைக்கு முத்திப்போச்சுன்னா சுவர் சுற்றறிக்கையை மீறின மாதிரி ஆகும். தணிக்கைக்கு யார் பதில் சொல்றது? வெளிர்மஞ்சள் ஏற்கெனவே வெளிறியாச்சு. அது இனிமே எதுவும் ஆகாது. அரசாங்கத்துக்கு அதுதான் பாதுகாப்பு.”

“சார் சொல்றதும் சரி, மேடம் சொல்றதும் சரி” என்றார் ஐவி. இரண்டுக்கும் ஓட்டுப் போட்டார். இரண்டும் சமமாக வந்தன.

அப்போது மூலையில் நின்ற மண்ணாங்கட்டி தொண்டையைச் செருமினார். “சார், ஒண்ணு சொல்லலாமா? கடையில இளமஞ்சள், வெளிர்மஞ்சள் ரெண்டும் கேட்டேன். ரெண்டுக்கும் இதான் நைனான்னு ஒரே டப்பா குடுத்தாரு. ரெண்டு சதுரமும் ஒரே டப்பா சார். ஒரே பிரஷ்ஷு.”

அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐவி சுவரைப் பார்த்தார், பிறகு டப்பாவைப் பார்த்தார். ஈஸ்டர் முடிந்து தொடங்கிய வேலை அந்த ஒரு நிமிடத்தில் முடிந்துபோயிருக்கலாம். முடியாமல் காப்பாற்றியவர் ஜெசிந்தா அம்மையார்.

“ஏன் மண்ணாங்கட்டி, சங்கராவும் வஞ்சிரமும் ஒரே வலையில ஏறுது. ரெண்டும் ஒண்ணாயிடுமா?”

“அது மீனு அக்கா.”

“வலையைப் பாத்து மீனுக்குப் பேரு வெப்பியா, மீனைப் பாத்து வெப்பியா?”

அலுவலர் மேசையைத் தட்டினார். “அதானே! பெயின்டர் சொன்னதை அவரோட சொந்தக் கருத்துன்னு பதிவு பண்ணுங்க. உங்க முழுப் பேர் என்னப்பா?”

“மண்ணாங்கட்டிதான் சார்.”

“முழுப் பேர் கேட்டேன்.”

“முழுசும் அதான் சார்.”

கருத்து அந்தப் பெயரிலேயே பதிவாயிற்று.

“அப்போ இன்னொரு டப்பா வாங்கணுமாக்கா?” என்று மண்ணாங்கட்டி மெல்லக் கேட்டார்.

“எதுக்கு? ரெண்டும் அதுலயே கீதே.”

வழி காட்டியவர் ரெனிட்டா. ஓர் அறைக்கு ஒரே நிறம் என்பதெல்லாம் போன வருஷத்தோடு போயிற்று, இப்போது எங்கும் இரட்டை நிறம்தான் என்று சொல்லி, போனில் நாற்பது படங்கள் காட்டினார். தீர்மானம் நிறைவேறியது: அறையின் நடுவே கயிறு பிடித்துக் கோடு போடுவது, இடப்பக்கம் இளமஞ்சள், வலப்பக்கம் வெளிர்மஞ்சள். இருக்கும் பதினாறு நாற்காலிகளைப் பக்கத்துக்கு எட்டாகப் பிரித்துப் பதிவு செய்வது. அம்மையார் ஒரு நிபந்தனையோடு கையெழுத்துப் போட்டார். அதை அவர் சொல்லச் சொல்லக் கிளிஃபர்ட் அலுவலகத் தமிழில் ஆக்கினார்: “வெளிர்மஞ்சள் பக்கம் அமர்வது பொதுமக்கள் நலனுக்கு உகந்ததல்ல என்பது பிரதிநிதியின் முடிந்த முடிவு. இதற்கு உட்பட்டே இவ்வறிக்கை செல்லும்.”

மண்ணாங்கட்டி அந்த ஒரே டப்பாவை வைத்து இரண்டு பக்கமும் அடித்தார். கோட்டைத் தாண்டும்போது மட்டும் அலுவலர் சொன்னபடி பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டார்.

அறை திறக்கும் நாள் மாதா திருநாள் கழிந்த புதன்கிழமை என்று குறிக்கப்பட்டது. புது அங்காடி மறுநாள் திறப்பதாக இருந்தது. ஜெசிந்தா அம்மையார் பட்டுச்சேலை கட்டி, சந்தனக் கிண்ணமும் கற்கண்டும் வைத்த தட்டோடு காலையிலேயே வாசலில் நின்றார். குத்துவிளக்கின் முதல் திரியை அலுவலர் ஏற்றினார், இரண்டாம் திரியை அம்மையார் ஏற்றினார். ரெனிட்டா படமெடுத்தார்.

பிறகு மனுதாரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரின் கையையும் பிடித்து அம்மையாரே உட்காரவைத்தார்.

“வாத்தியாரே, இந்தாண்ட வாங்க. அந்தாண்ட போவாதீங்க, அது நேத்து மஞ்சள். அங்க குந்தினா மனு வெளிறிப்பூடும்.”

“ஆமாம்மா, பார்த்தாலே தெரியுது” என்றார் பவுல்சாமி. கோட்டை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்து இடப்பக்கம் உட்கார்ந்தார்.

பொட்டிக்கடை இடத்துக்காக வந்த அன்வரி பேகம் வலப்பக்கச் சுவரைப் பார்த்து, “அல்லா, இன்னா இப்டி சோகை புடிச்சாப்ல கீது!” என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இடப்பக்கம் போனார். மற்ற ஐந்து பேருக்கும் சொல்ல வேண்டியே இருக்கவில்லை. ஏழு நாற்காலிகள் நிறைந்தன. எட்டாவதாக ஜான்சி கையில் ஓர் அழைப்புச் சீட்டோடு வந்து நின்றாள்.

“நீ எங்கடி இங்க?”

“தெரியல அத்தே. போன வாரம் வாரியத்துலேர்ந்து அங்காடிக்கு வந்து பாத்தாங்க. செவ்வா, வியாயன் ரெண்டு நாளும் நான்தான் குந்தியிருந்தேன். பேரு இன்னான்னு கேட்டு எழுதிக்கினு போனாங்க. இப்ப வரச் சொல்லிக்கிறாங்க.”

“வந்ததே வந்த, நின்னுக்கினு இருக்காத. இந்தாண்ட ஒண்ணு காலியா கீது பாரு. குந்து கண்ணு.”

ஜான்சி உட்கார்ந்தாள். இடப்பக்கத்து எட்டும் நிறைந்தன.

மனு கேட்பு தொடங்கியது. உத்தரவுகள் எல்லாருக்கும் மாலையில் ஒன்றாகத்தான் தரப்படும், அதுவரை யாரும் இருக்கையை விட்டு எழக் கூடாது, எழுந்தால் சாந்தி கலைந்ததாகக் கருதப்படும் என்று கிளிஃபர்ட் அறிவித்தார். ஏழு மனுக்களும் மளமளவென்று தீர்ந்தன. ஆளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பவுல்சாமி கண்ணீரோடு இடப்பக்கச் சுவரைத் தடவிக் கும்பிட்டார்.

“குழு இத்தோடு கலைக்கப்படுகிறது. எட்டாவது மனு, ஜெசிந்தா” என்றார் அலுவலர்.

அம்மையார் என்பது அந்த நொடியோடு போயிற்று. ஜெசிந்தா தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

“உட்காரும்மா. உட்கார்ந்தாதான் கேட்க முடியும்.”

ஜெசிந்தா இடப்பக்கம் பார்த்தாள். எட்டு நாற்காலிகள், எட்டுப் பேர். வலப்பக்கம் பார்த்தாள். எட்டு நாற்காலிகள், ஒருவருமில்லை.

“அங்கேர்ந்து ஒண்ணை இந்தாண்ட இழுத்துப் போட்டுக்கறேன் சார்.”

“அது வெளிர்மஞ்சள் நாற்காலி. அப்படித்தானே பதிவு பண்ணியிருக்கோம்? இழுத்தா மட்டும் நிறம் மாறிடுமா?”

“அப்ப அங்கயே குந்திக்கறேனே.” சொல்லிவிட்டுக் கோட்டருகில் போய் நின்றாள்.

கபாலீஸ்வரன் அறிக்கையைப் புரட்டினார். இரண்டு முறை படித்தார். “அதுலதான் சிக்கல். அங்க உட்காரக் கூடாதுங்கறது உங்க முடிந்த முடிவு. அதுக்கு உட்பட்டுத்தான் இந்த அறிக்கையே போகுது. நீங்களே போய் உட்கார்ந்தா முடிவு தப்பு. முடிவு தப்புன்னா அறிக்கை தப்பு. அறிக்கை தப்புன்னா அறை இன்னும் திறக்கலை. திறக்காத அறையில கேட்ட ஏழு மனுவும் செல்லாது.”

இடப்பக்கம் ஏழு பேரும் ஒரே குரலில், “ஐயையோ!” என்றார்கள்.

“இடப்பக்கம் யாராவது எழுந்து இடம் குடுக்கலாம்” என்றார் ஐவி. “குடுத்துட்டு அந்தப் பக்கம் போய் உட்காரலாம். அவங்க முடிவு ஒண்ணும் எழுதிக் குடுக்கலை. விதியில தடை இல்ல சார்.”

ஜெசிந்தா பவுல்சாமியைப் பார்த்தாள். அவர் தன் முழங்காலைப் பார்த்தார். அன்வரி பேகத்தைப் பார்த்தாள். “நீதானே சொன்னே ஜெசிந்தா, மனு வெளிறிப்பூடும்னு” என்றார் அன்வரி பேகம், குரலில் உண்மையான வருத்தத்தோடு. மற்றவர்கள் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

வாசலில் நின்ற மண்ணாங்கட்டிக்குப் பொறுக்கவில்லை. “அய்யோ, ரெண்டும் ஒரே டப்பா! நான்தானே அடிச்சேன்! யாராவது எந்திரிச்சு அந்தாண்டதான் போங்களேன்!”

எட்டுப் பேரும் வலப்பக்கச் சுவரை ஒருமுறை பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க அது இன்னும் வெளிறியது. ஜெசிந்தாவும் பார்த்தாள். அவள் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

கடைசியில் அவள் ஜான்சியைப் பார்த்தாள். ஜான்சி எழுந்தாள். முழுசாக இல்லை, பாதி. அந்தப் பாதியில் ஒருமுறை அத்தையைப் பார்த்தாள், ஒருமுறை சுவரைப் பார்த்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்துவிட்டாள்.

“அத்தே… நீங்கதானே குந்தச் சொன்னீங்க.”

மாலையில் உத்தரவுகள் வழங்கப்பட்டன. சாந்தோம் அங்காடி ஏழாம் நம்பர் இடம், குழாய் உட்பட, அதன் அனுபோகத்தில் காணப்பட்ட ஜான்சிக்கு. எல்லோரும் போன பிறகு கிளிஃபர்ட் அறையைப் பூட்டுவதற்குமுன் கணக்கு எழுதினார். வலப்பக்க நாற்காலிகள் எட்டு, உட்கார்ந்தவர் இல்லை. வந்த மனுக்கள் எட்டு, தீர்ந்தவை ஏழு.

மீதி ஒன்று.